மாசி வந்தும் போகாத பனி

கோனியம்மன் தேரோட்டத்துக்குக் கோவை தயாராகும் மாசி மாதத்தில், ஊருக்கு ஒரே நாளில் இரண்டு பருவம் வந்துபோகும். விடிவதற்கு முன் பால் கறக்கப் போகிறவர் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்கிறார். கட்டுத்தறியின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. பத்து மணிக்கெல்லாம் அந்தத் துண்டு வியர்வை துடைக்கத் தோளுக்கு வந்துவிடும். மதியம் முப்பது டிகிரியைத் தாண்டும் வெயில், இரவானால் மறுபடியும் போர்வை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இந்த நாட்களைப் பார்த்துத்தான்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது மார்கழியையும் தையையும் முன்பனி என்றார்கள். மாசிக்கும் பங்குனிக்கும் பின்பனி என்று பெயர். தொல்காப்பியம் பின்பனியைப் பாலைத் திணைக்கு உரிய பொழுதாக, வேனிலோடு சேர்த்து வைக்கிறது. குளிர் காலத்தை வறண்ட நிலத்தோடு சேர்த்தது எப்படி என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். மாசியில் காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடுகளைப் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது. புல் காய்ந்து பழுப்பேறியிருக்கும். காலையில் அதே புல்லின் நுனியில் பனித்துளி நிற்கும்.

கொங்கின் வரலாற்றைத் தண்ணீரை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். காலிங்கராயன் வாய்க்கால், நொய்யல் அணைக்கட்டுகள், பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகள், பவானிசாகர், பரம்பிக்குளம் ஆழியாறு என்று அந்தக் கதை நீளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நாட்டுக்கு அது நியாயமான வரலாறுதான். ஆனால் மழை நின்ற பிறகு வரும் பனிக்கும், போக வேண்டிய நாளில் போகாமல் தங்கிவிடும் குளிருக்கும் இந்த நாட்டின் வெள்ளாமையிலும் உடுப்பிலும் வியாபாரத்திலும் குடியேற்றத்திலும் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கை யாரும் முழுதாக எழுதவில்லை.

முதலில் இயற்கையின் ஏற்பாடு. கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடமேற்கில் நீலகிரி, தெற்கில் ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே குளிர்ச்சியைக் கொண்டுவரும், மழையைக் குறைவாகவே கொண்டுவரும். கோவைச் சமவெளிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைப்பதுதான். அந்த மழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடும். மேகம் இல்லாத நீண்ட இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றில் இருக்கும் ஈரம் இலையிலும் புல்லிலும் பனியாகப் படிகிறது. மேகம் இல்லாத அதே வானம் பகலில் வெயிலையும் தடையின்றி இறக்கிவிடுகிறது. பின்பனிக் காலத்தில் விடியலுக்கும் நடுப்பகலுக்கும் இடையே பதினைந்து டிகிரி வரை வித்தியாசம் விழுவது அதனால்தான்.

கொங்கு உழவர்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். ஆற்று வாய்க்கால் பாய்வது வயல், கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வானத்தை நம்பியது காடு. பனியின் அருமை தெரிந்தது காட்டுக்காரருக்குத்தான். உடுமலை, பெதப்பம்பட்டி, குடிமங்கலம் வட்டாரங்களில் கருமண் காடுகள் உண்டு. ஐப்பசி மழையில் ஊறிய கருமண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அந்த ஈரத்தில் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் விதைத்துவிட்டால், பிறகு பாசனம் என்ற பேச்சே இல்லை. கீழே மண்ணின் ஈரம், மேலே இரவுப் பனி, இரண்டையும் கொண்டே செடி காய்பிடித்து மாசிக்குள் முற்றிவிடும். பனிக்கு விளையும் வெள்ளாமை என்று உழவர்கள் சொல்வது இதைத்தான். பனி ஒரு மாதம் முன்னதாக நின்று வெயில் ஏறிவிட்டால் கடலை சூம்பிப்போகும். மேகமூட்டம் தொடர்ந்தாலோ புழு விழும். தெளிந்த வானமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால்தான் கடலைக்குக் கொண்டாட்டம்.

கடலைக் காட்டில் விடியற்காலையில் நடந்தவருக்கு இன்னொன்றும் தெரியும். கொண்டைக்கடலைச் செடியின் இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் கலந்த புளிப்பு நீர் கசியும். இரவுப் பனியில் அது கரைந்து இலை முழுக்கப் பரவிவிடும். செடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் சுரீரென்று புளிக்கும். வெறுங்காலோடு நெடுநேரம் நடந்தால் கால் எரியும். பழைய நாளில் மாலையில் சுத்தமான வெள்ளைத் துணியைச் செடிகளின் மேல் விரித்துவைப்பார்கள். இரவெல்லாம் பனியிலும் புளிப்பிலும் ஊறிய துணியை விடியலில் எடுத்துப் பாத்திரத்தில் பிழிந்து, அந்த நீரைப் பத்திரப்படுத்துவார்கள். கடலைப் புளிப்பு என்ற பெயரில் நாட்டு மருத்துவத்தில் செரியாமைக்கும் வயிற்று உபாதைக்கும் அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இந்தியாவின் பல பகுதிகளில் இந்த வழக்கம் இருந்ததை 19-ஆம் நூற்றாண்டு மருந்துப் பொருள் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பனியையே அறுவடை செய்த வேலை அது.

அறுவடையிலும் பனியின் தயவு வேண்டும். நன்றாகக் காய்ந்த பயறு வகைச் செடிகளை உச்சி வெயிலில் பிடுங்கினால் காய் வெடித்து மணி காட்டிலேயே சிதறிவிடும். பனி ஈரம் காயும் முன்பே பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதனால் மாசி மாதத்தில் ஆட்கள் இருட்டோடு காட்டுக்குப் போவார்கள். புகையிலை விளைந்த ஊர்களிலும் இதே நியாயம்தான். காய்ந்த புகையிலை பகலில் தொட்டால் நொறுங்கும். பனி இறங்கிய பிறகு இலை துவண்டு பதமாக இருக்கும்போதுதான் பிரித்து அடுக்கிக் கட்ட முடியும்.

பனியால் கெடுவதும் உண்டு. தையிலும் மாசியிலும் மாமரம் பூத்திருக்கும். மரம் நன்றாகப் பூக்கக் குளிர் வேண்டும். ஆனால் பூ விரிந்த பிறகும் குளிரும் ஈரமும் நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் படர்ந்து பிஞ்சு உதிரும். ஒரே வாரத்துப் பனி கடலைக்காரருக்கு வரவாகவும் மாந்தோப்புக்காரருக்குச் செலவாகவும் முடிவது இந்த மாதத்தில் சகஜம்.

இந்தக் குளிரைத் தாங்க இந்த நாடு தனக்கென்று ஒரு ஆட்டினத்தையே வைத்திருந்தது. கோயமுத்தூர் குரும்பை என்று கால்நடைத் துறையினர் அழைக்கும் செம்மறி ஆடு, சொரசொரப்பான கம்பளி தருவது. தமிழ்நாட்டில் இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் ரோமம் குறைந்த செம்மறி இனங்கள் பல உண்டு. அவற்றுக்கு நடுவே கம்பளிக்குப் பெயர்பெற்ற இனம் இது. குரும்பர் குலத்து ஆட்டுக்காரர்கள் கத்தரித்த ரோமத்தைக் கையால் நூற்று, தறியில் கம்பளி நெய்தார்கள். கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம், சாயம் தேவையில்லை. தக்காண மேட்டுநிலம் முழுவதும் கம்பளி நெய்கிறவர்கள் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். அதனால் புதுக் கம்பளி விறைப்பாக, உடம்பில் குத்துவதாக இருக்கும். இரவு காட்டில் பட்டி போட்டு ஆடு காக்கிறவர், பயிருக்குக் காவல் படுக்கிறவர், வண்டியில் சந்தைக்குப் போகிறவர் எல்லோருக்கும் அதுதான் படுக்கை, போர்வை, மழைக்குக் கொங்காடை எல்லாம்.

அந்த ஆடு மலையேறிய கதை சுவையானது. 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் நல்ல கம்பளிக்காக, இந்தக் கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியாவின் மெரினோவையும், பிரிட்டனின் செவியட், சவுத்டவுன் இனங்களையும் கலந்து ஒரு புது இனம் உருவானது. நீலகிரிச் செம்மறி என்று இன்று பெயர். தென்னிந்தியாவில் மென்கம்பளி தரும் இனம் இது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் இருக்கும் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாத்து வருகிறது. எண்ணிக்கையோ குறைந்துகொண்டே போகிறது.

கீழே பனி, மேலே உறைபனி. கொங்குச் சமவெளியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் ஏறிவிடக்கூடிய மலையில், தண்ணீர் உறையும் குளிர் இருக்கிறது என்பதே கோவையின் வரலாற்றை மாற்றிய செய்தி. 1799-இல் திப்பு வீழ்ந்து கொங்கு நாடு கும்பினி ஆட்சிக்குப் போனபோது நீலகிரியும் கோவை மாவட்டத்தோடு சேர்ந்தது. 1812-இல் வில்லியம் கீஸ், மெக்மஹோன் என்ற நில அளவையாளர்கள் மலைமேல் அனுப்பப்பட்டார்கள். 1818-இல் கோவைக் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிப் பார்த்துவந்து சொன்னதைக் கேட்டுக் கலெக்டர் ஜான் சல்லிவன் நம்பிக்கை கொண்டார். 1819 ஜனவரியில், மலையில் உறைபனி விழும் மாதத்தில், அவரே புறப்பட்டுப் போனார். வெயிலிலும் காய்ச்சலிலும் அல்லாடிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு, பூமத்திய ரேகையிலிருந்து பதினோரு டிகிரி வடக்கே இப்படி ஒரு குளிர் கிடைக்கும் என்பதே நம்ப முடியாததாக இருந்தது.

அதே 1819-இல் சல்லிவன் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். பெத்தகல் பங்களா என்ற அந்த வீடு செப்பனிடப்பட்டு இன்றும் இருக்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மலைப்பாதை வெட்டப்பட்டது. 1822-இல் ஊட்டியில் கல்வீடு கட்டும் வேலை தொடங்கியது. கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஆப்பிள், பீச் என்று குளிர்நாட்டுப் பயிர்களை அவர் மலையில் நட்டுப் பார்த்தார். இந்தக் குளிர் மனிதரில்லாத குளிர் அல்ல. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்து வந்தார்கள். தோடர் வீட்டின் வாசல், ஆள் குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். வளைந்து இறங்கும் கூரை தரையைத் தொடும். குளிர்காற்று நுழையாமல் இருக்க இதைவிடச் சிறந்த கட்டட அறிவு அங்கே தேவைப்படவில்லை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிக்கான தடித்த பருத்தித் துணி கீழ்நாட்டுத் தறிகளிலிருந்து மலைக்குப் போனது. அதில் சிவப்பும் கறுப்புமாக ஏறும் பூவேலை தோடர் பெண்களின் கையுடையது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. படகர்களின் பெருவிழாவான ஹெத்தையம்மன் பண்டிகை நடப்பதே உறைபனிக் காலத்தில்தான். வெள்ளை உடுத்திய கூட்டம் விடியற்காலைக் குளிரில் ஊர் ஊராக நடந்து போகும்.

நடுவில் சில ஆண்டுகள் மலபாரோடு சேர்க்கப்பட்டதைத் தவிர, 1868-இல் தனி மாவட்டமாகும் வரை நீலகிரி கோவையின் ஆளுகையில்தான் இருந்தது. 1870 முதல் சென்னை அரசாங்கமே ஒவ்வொரு கோடையிலும் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. கோப்புகளும் குமாஸ்தாக்களும் பயணிகளும் சரக்கும் கோவைச் சமவெளியைக் கடந்துதான் போக வேண்டும். 1873-இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. 1899-இல் மலை ரயில் குன்னூரை எட்டியது, 1908-இல் ஊட்டியை. மலையின் குளிரைத் தேடிப் போனவர்கள் விட்டுச்சென்ற காசில் மேட்டுப்பாளையம் வளர்ந்தது. நீலகிரி உருளைக்கிழங்குக்கு இன்றும் அங்கேதான் மண்டி.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு எந்த மாதம் எவ்வளவு கிழங்கு வரும் என்பதையும் உறைபனியே தீர்மானிக்கிறது. மலை விவசாயிகள் ஆண்டை கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சித்திரை ஒட்டி நடுவது முதலாவது, ஆவணி ஒட்டி நடுவது இரண்டாவது. தை, மாசியில் பாசனம் செய்து நடுவது நீர்போகம். மூன்றிலும் பதற்றம் மிகுந்தது இதுதான். பிப்ரவரியோடு உறைபனி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கையில் கிழங்கு நடுகிறார்கள். முளை வெளியே வந்த பிறகு மாசிக் கடைசியில் ஒரே ஒரு இரவு பனி உறைந்தால் போதும். பச்சை இலை காலையில் கறுத்துத் தொங்கும்.

நீலகிரியில் வெள்ளைப் பனியைப் பார்த்த சுற்றுலாப் பயணிகள் பனிமழை பெய்ததாக ஊருக்குப் போய்ச் சொல்வதுண்டு. இமயத்தில் பெய்வது போன்ற பனிமழை இங்கே கிடையாது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று மலைக்காரர்கள் வரிசை சொல்வார்கள். மழை ஓய்ந்ததும் புல்லில் துளியாக நிற்பது நீர்ப்பனி. டிசம்பர் பிறந்து குளிர் இறுகியதும் அது வெள்ளைப் படிகமாக மாறிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி போன்ற தாழ்ந்த இடங்கள் வெளுத்துக் கிடக்கும்போது, சற்று மேட்டில் உள்ள தோட்டம் தப்பித்துக்கொள்கிறது. நான்கடி உயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று டிகிரி காட்டும் இரவிலும், அதன் காலடியில் புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். செய்தியில் சொல்லும் டிகிரிக்கும் தோட்டத்தில் கருகிய செடிக்கும் பொருத்தம் தெரியாமல் பலர் குழம்புவதற்குக் காரணம் இந்த நான்கடி.

1848-இல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவில் உறைபனியோடு நடக்கும் போராட்டத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1896 முதல் நடந்துவரும் மே மாத மலர்க் கண்காட்சிக்கு நாற்றுகள் தயாராவது உறைபனி மாதங்களில்தான். மாலை நான்கு மணிக்கு மேல் ஊழியர்கள் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, நாற்றுப் பாத்திகள் மேலும் அலங்காரச் செடிகள் மேலும் கூரை போலக் கவிழ்த்து வைப்பார்கள். பனி அந்த மிலாரின் மேல் உறையும். அடியில் இருக்கும் நாற்று பிழைக்கும். காலையில் சூரியன் ஏறும் முன் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்துப் படிகத்தைக் கரைக்கிறார்கள். உறைந்த இலையின் மேல் வெயில் நேராக விழுந்தால் சேதம் கூடிவிடும் என்பது தோட்டக்காரர்களின் அனுபவம். தேயிலைத் தோட்டங்களிலும் இளஞ்செடிகளுக்கு மிலாரும் வைக்கோலும் தென்னை ஓலையும்தான் போர்வை.

தேயிலைக்கு உறைபனி எதிரி. கடுங்குளிர் மட்டும் என்றால் நண்பன். இரவு உறைந்து பகலில் வெயில் ஏறினால் கொழுந்து தீயில் வாட்டியது போலப் பழுப்பாகி, அந்தத் தோட்டத்தில் மாதக்கணக்கில் பறிப்பு நின்றுவிடும். கூலிக்குப் பறிக்கிற பெண்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் அது வெறும் கை மாதம். பனி உறையாமல் குளிர் மட்டும் நீடித்தால் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறித்த இலையில் செய்யும் நீலகிரித் தேயிலைக்கு வெளிநாடுகளில் தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

உறைபனிப் பயத்தை இரண்டு நாடுகளில் அனுபவித்த தமிழர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரியில் தேயிலை மேல் பனி உறைகிறது. துகள் உறைபனி என்று அங்கத்திய தமிழ்ச் செய்திகள் எழுதுகின்றன. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ நிறுவனம் ஆனது. கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். கொழுந்து பறிக்கும் கை பழகியது, குளிரும் பழகியது, மண் மட்டும் புதிது. ஜப்பானியத் தேயிலை விவசாயிகளுக்கும் உறைபனிக் கவலை உண்டு. அவர்கள் மரபு நாட்காட்டியில் வசந்தம் பிறந்ததிலிருந்து எண்பத்தெட்டாவது இரவு, அதாவது மே முதல் வாரம் வரை, கடைசி உறைபனிக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். அதுவரை தோட்டத்துக் கம்பங்களின் உச்சியில் மின்விசிறிகள் சுழன்று, மேலே நிற்கும் சூடான காற்றைச் செடிக்கு இறக்கிக்கொண்டிருக்கும்.

உறைபனிக்கு நீலகிரியில் இன்னும் பழைய வேலை ஒன்று உண்டு. மலையின் பள்ளங்களில் அடர்ந்த சோலைக் காடு, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. இரண்டும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்பது ஏன் என்ற கேள்வி நூறாண்டு விவாதம். 1938-இல் வனத்துறையைச் சேர்ந்த சி. ஆர். ரங்கநாதன் இந்தக் கேள்விக்கு உறைபனியைக் காரணமாகக் காட்டினார். சோலை மரத்தின் கன்று புல்வெளியில் முளைத்தாலும் உறைபனி இரவுகளில் கருகிவிடுகிறது, அதனால் புல்வெளி இயற்கையானதே என்பது அவர் வாதம். மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். 1993-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமாரும் குழுவினரும் நீலகிரிச் சதுப்புகளின் கரி மண்ணை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உழவு பிறக்காத காலத்திலேயே, அங்கே புல்வெளி இருந்தது அதில் தெரிந்தது. பயனற்ற நிலம் என்று நினைத்து அந்தப் புல்வெளிகளில் ஆங்கிலேயர் காலம் முதல் தைலமரமும் சீகை மரமும் நட்டோம். 1843-இல் வந்த தைல மரம் சளிக்கு நீலகிரித் தைலம் தந்தது உண்மை. அதற்காகப் போன புல்வெளியும், அதில் ஊறிப் பவானிக்கு வந்த தண்ணீரும் பெரிய விலை.

குளிரை ஒட்டிய இன்னொரு பெரிய சாதனை சமவெளியிலேயே நடந்தது. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் நிறுவப்பட்டது. வட இந்தியாவின் கடுங்குளிரில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவையின் இதமான குளிரில் தாராளமாகப் பூக்கும். சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த வெள்ளைக் கரும்போடு, ஆற்றங்கரைகளில் தானாக வளரும் காட்டுக் கரும்பைக் கலந்தார்கள். 1918-இல் கோ 205 பஞ்சாபுக்குப் போனது. குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலு அதற்குக் காட்டு இனத்திலிருந்து கிடைத்தது. உறைபனியைக் காணாத ஊரில் பிறந்த கரும்பு, உறைபனி விழும் மாநிலங்களின் சர்க்கரைத் தொழிலை நிமிர்த்தியது.

பின்பனி முடியும் காலத்துக்குக் கொங்கு வழிபாட்டிலும் இடமுண்டு. மாசி சிவராத்திரியை ஒட்டி வெள்ளியங்கிரி ஏறும் கூட்டம் பெருகும். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கிறது. அடிவாரத்துப் பூண்டியில் புழுக்கத்தோடு தொடங்கும் நடை, மூங்கில் தடி ஊன்றி ஆறாவது மலையில் ஆண்டி சுனையை அடையும்போது பல் நடுக்கமாக மாறியிருக்கும். அந்தச் சுனையில் முழுகி எழுந்துதான் ஏழாவது மலை ஏறுவது வழக்கம். பங்குனியில் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டு. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டுவந்து ஊற்றுவார்கள். குளிர் விலகி வெக்கை ஏறும் இந்தச் சந்தியில்தான் அந்தக் காலத்தில் அம்மை பரவியது. பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் இதே பங்குனியில்.

இன்று இந்தப் பருவம் தடுமாறுகிறது. மார்கழியில் மழை மேகம் போகாமல் நின்று பனியைத் தடுக்கும் ஆண்டுகள் வருகின்றன. உறைபனி தாமதமாகத் தொடங்கி, ஓய வேண்டிய நாளுக்குப் பிறகும் நீலகிரியில் தலைகாட்டுகிறது. கருமண் காடுகளில் தென்னை ஏறிவிட்டது; பல காடுகள் மனைகளாயின. பனிக்கு விளைந்த கடலையின் இடம் சுருங்கிவிட்டது. கோயமுத்தூர் ஆட்டின் கம்பளியை வாங்க ஆளில்லை. மழையை அளக்க ஊருக்கு ஊர் மழைமானி வைத்துப் பதிவேடு போட்ட நாம், பனிக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. எந்தக் கார்த்திகையில் நீர்ப்பனி தொடங்கியது, எந்த மாசியில் கடைசியாக இலை கருகியது, எந்த ஆண்டு கடலை பனியிலேயே விளைந்து மூட்டை நிறைந்தது என்பதெல்லாம் எழுபது, எண்பது வயது காட்டுக்காரர்களின் நினைவில் இருக்கின்றன. உடுமலையிலும் கோத்தகிரியிலும் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை வேளாண் கல்லூரி மாணவர்களும் உள்ளூர்ப் பள்ளிகளும் இந்தப் பின்பனியிலேயே தொடங்கலாம்.